அப்பளப் பெட்டியில் வந்த படக்கதைகள்

மகளே, அத்தாவின் ஸலாம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் பேரனுக்கும். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ பாதியிலேயே "சரி அத்தா, சரி அத்தா" என்று மூடிவிடுகிறாய். எனக்கும் சுள்ளென்று கோபம் வந்து, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ குறுக்கே பேச முடியாது. பிடிக்காத இடம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள். ஆனால் கடைசிவரை படித்துவிடு, அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன மாதம் சென்னை மண்ணடியில் இருக்கும் உன் மாமா மகனிடம் சொல்லி, பேரனுக்கு என்று ஒரு கட்டு காமிக்ஸ் வாங்கி உன் வீட்டில் கொடுக்கச் சொன்னேன். நீ அவனை உட்காரவைத்து பிரியாணி போட்டு, கட்டைப் பிரிக்காமலே அவன் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு போனில் நீ சொன்னாயே, அதுதான் என்னைப் போட்டுக் குடைகிறது. "அத்தா, அவன் ரெண்டாவது முடிக்கப்போறான், இன்னும் ஒரு வரி ஒழுங்கா வாசிக்கத் தெரியல. முதல்ல பாடப் புத்தகம் படிக்கட்டும். எட்டாவதுல நீங்க என் காமிக்ஸ எல்லாம் கிழிச்சீங்கல்ல, அதுக்கப்புறம்தானே நான் உருப்பட்டேன். அதையேதான் நானும் செய்யிறேன்." இதைச் சொன்னபோது உன் குரலில் குத்தல் இல்லை. நன்றி இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அதனால் முதலில் இருந்தே வருகிறேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உன் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். நல்ல அம்மா, திருநெல்வேலிப் பக்கம். "உங்க பொண்ணு படிக்கல பாய், ஒப்பிக்குறா. வேற பக்கத்தத் திறந்து கையில கொடுத்துப் பாத்தேன், அப்பவும் பழைய பாடத்தையே கடகடன்னு சொல்றா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ், ஓதுற பள்ளியில் அரபி என்று நாலு எழுத்தை உன் முன்னால் பரப்பி வைத்திருந்தோம். தெருவில் இறங்கினால் பெங்காலிப் பிள்ளைகளோடும் தெலுங்குப் பிள்ளைகளோடும் ஹிந்தியில் உன் வாய் கிழியும். எழுத்தைக் காட்டினால் மட்டும் ஊமையாகிவிடுவாய். நான் அடி ஸ்கேலால் உன் புறங்கையில் அடித்திருக்கிறேன். அதனால் வந்த பலன் ஒன்றே ஒன்றுதான், புத்தகத்தைக் கண்டாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் பழக்கம் உனக்கு வந்தது. அந்த ஸ்கேலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே தீவில் நம் டாலிகஞ்ச் கடைக்கு அப்போது சரக்கெல்லாம் உன் மாமாதான் மண்ணடியில் இருந்து கப்பலில் ஏற்றி அனுப்புவார். புளி, வத்தல், பருப்பு எல்லாம் மூட்டையில் வரும். அப்பளம் மட்டும் அட்டைப்பெட்டியில் வரும், மூன்று நாள் நான்கு நாள் கடலில் ஆடி வருவதற்குள் நொறுங்கிப்போகாமல் இருக்க மேலும் கீழும் பழைய புத்தகங்களை அடுக்கி வைப்பார். நடைபாதைக் கடையில் எடைக்குக் கிடைக்கும் புத்தகம், என்ன ஏது என்று அவர் பார்ப்பதில்லை. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் எல்லாம் படக்கதைகள். பெருங்காய வாசனையோடு, மூலை மடங்கி, சிலதுக்கு அட்டைகூட இல்லாமல். நான் அதை மெனக்கெட்டு உனக்காக எடுத்து வைத்தேன் என்று நீ நினைத்தால் அது பொய். எனக்காக எடுத்து வைத்தேன். சின்ன வயதில் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்துப் படித்தவன் நான், பார்த்ததும் விட மனம் வரவில்லை.

இங்கே மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகளை அடைத்தால் மறுபடி திறக்க மூன்றரை ஆகும், அது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு அரிசி மூட்டைமேல் சாய்ந்து, அடியில் வரும் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வரும் நீ ஒரு நாள் குனிந்து உள்ளே வந்து, பக்கத்து மூட்டையில் ஏறிப் படுத்து, படத்தைப் பார்த்தாய். "இவரு என்ன சொல்றாரு அத்தா?" என்று கேட்டாய். நான் சொன்னேன். "இவரு?" என்றாய். அதையும் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் போகும் கை அன்றைக்கு முன்னால் வந்து படத்தைத் தொட்டதை நான் கவனித்தேன். அதன் பிறகு தினமும் அதுதான் நம் இருவருக்கும் வேலை. வெளியே யாராவது ஷட்டரைத் தட்டினால் இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்போம். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் கடையைத் திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரே சிக்கல், கதைகள் வரிசையாக வராது. முதல் பாகம் இந்தக் கப்பலில் வந்தால் இரண்டாம் பாகம் எந்தக் கப்பலில் வருமோ, வராமலே போகுமோ. மலை ஊர்களுக்குத் தபால் சுமக்கும் ஒரு மனிதனும் அவனுடைய கோவேறு கழுதையும் வரும் கதை உனக்கு உயிர். புத்தகத்தில் அந்தக் கழுதைக்குப் பெயரே கிடையாது, நீதான் சோட்டு என்று பெயர் வைத்தாய். முதல் பாகத்தின் கடைசிப் படத்தில் கயிற்றுப் பாலம் அறுந்து சோட்டு ஆற்றில் விழுகிறது, கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. நான் உடனே மாமாவுக்கு போன் போட்டு, அடுத்த பாகத்தைத் தேடிப் பிடித்து அனுப்பச் சொன்னேன். அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கப்பல் மராமத்துக்குப் போய்விட்டது. நீ தினமும் சாயங்காலம் ரேடியோவில் கப்பல் செய்தி வாசிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். சோறு சரியாக இறங்கவில்லை. சோட்டு என்ன ஆச்சு, சோட்டு என்ன ஆச்சு என்று என்னைத் துளைத்து எடுத்தாய்.

பொறுக்கமாட்டாமல் நான் ஒரு கதை விட்டேன். சோட்டு ஆற்றோடு நீந்திப்போய் கடலில் சேர்ந்து, ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நம் வண்டூர்க் கரையில் வந்து ஒதுங்கிவிட்டது என்றேன். பர்மாவில் இருந்து மரக்கட்டை வந்து ஒதுங்கும்போது கழுதை வரக்கூடாதா என்ன. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னை விடவில்லை. பஸ்ஸில் வண்டூர் போய் இறங்கி, கரை முழுக்கக் கிடந்த கட்டைகளுக்கு நடுவே நீ குனிந்து குனிந்து தேடினாய். ஒரு தெலுங்கு மீன்காரரிடம் ஹிந்தியில் கழுதை வந்ததா என்று விசாரித்தாய். அந்த நல்ல மனுஷன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்தது, ஆனால் காட்டுப் பக்கம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் மடியில் தூங்கிப்போனாய். எனக்குத்தான் நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு கப்பலும் வந்தது, இரண்டாம் பாகமும் வந்தது. முதல் பக்கத்திலேயே சோட்டு பாறைமேல் செத்துக் கிடக்கிறது, தபால்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தலைக்குமேல் ஒரு சின்ன வட்டத்துக்குள், 'செத்துப் போய்விட்டது. இனி நான் நடந்துதான் போக வேண்டும்' என்று இருந்தது. நான் வாய் கூசாமல், "தூங்குது. நான் நடந்து போறேன், இது எந்திரிச்சதும் கடலுக்குப் போகட்டும்" என்று வாசித்தேன். நீ படத்தை உற்றுப் பார்த்தாய். "தூங்குறதுக்கு எதுக்கு அத்தா அவரு தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சிருக்காரு?" என்றாய். வெயில் என்றேன். நீ புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய்.

இரண்டு நாள் நீ கடைப் பக்கம் வரவில்லை. வீட்டில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் அந்தப் படக்கதையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத் தேடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அவள் உதவிக்கு வந்தால் தள்ளிவிட்டாயாம். மூன்றாம் நாள் சாயங்காலம் கடையில் நாலு பேர் நிற்கும்போது வந்து, புத்தகத்தை என் தராசுத் தட்டுமேல் வைத்தாய். "இது 'செ'. இது 'த்'. இது 'து'. செத்துப் போச்சுன்னு போட்டிருக்கு அத்தா. நீங்க பொய் சொல்லிட்டீங்க." உன் கண் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, எதற்காக என்று அப்போது தெரியவில்லை. என் மகள் வாசித்துவிட்டாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், இனி இவளிடம் என் பேச்சு எடுபடாது என்ற பயம் ஒரு பக்கம். வாடிக்கையாளர் ஒருவர் ஹிந்தியில் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, கழுதை செத்துவிட்டது என்று நானே சொன்னேன்.

அன்றிலிருந்து நீ என்னை நம்புவதை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்ப ஆரம்பித்தாய். நான் முன்பு வாசித்துக் காட்டிய அத்தனை கதைகளையும் மறுபடி எடுத்து, எங்கெங்கே நான் கதை மாற்றினேன், எந்தப் பக்கத்தைத் தாண்டினேன் என்று போலீஸ் மாதிரி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு ரோஷம். ஆறு மாதத்தில் கடைப் படியில் நீ உட்கார்ந்திருப்பாய், கீழே தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நீ தமிழில் பார்த்து ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போவாய், ஒரு இடம்கூடத் தடுக்காது. ஒப்பிக்கிறாள் என்று சொன்ன டீச்சர் ஒரு நாள் சர்க்கரை வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு வாங்க வந்ததை மறந்து நின்றார். உன் அத்தாவுக்கு அன்று இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

இனி எனக்குச் சொல்லப் பிடிக்காத இடம். நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றாய். அந்த வருஷம் மழையும் காற்றுமாகக் கப்பல் மூன்று வாரம் வரவில்லை. கடையில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, பொட்டலம் கட்டப் பேப்பர் இல்லை. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் புரியாது, பழைய பேப்பர்கூட நமக்குக் கப்பலில்தான் வர வேண்டும். நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் உன் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, பக்கம் பக்கமாகக் கிழித்துப் பொட்டலம் கட்டினேன். சீரகம், கடுகு, கொத்தமல்லி, எல்லாம் உன் கதைகளுக்குள் போயின. உன் அம்மா தடுத்தாள். மார்க் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவளையும் அதட்டினேன்.

பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாதான் முதலில் வந்தார். சீரகத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, அந்தக் காகிதத்தை நீவி மடித்து எடுத்து வந்து, "பாய், யே தோ பேட்டி கா கிதாப் ஹை நா?" என்று கேட்டார். உங்கள் மகளின் புத்தகம்தானே இது என்று அவர் கேட்ட நேரத்தில் நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய். பையை வைத்துவிட்டு வீடு வீடாகப் போய், எங்கள் கடைப் பொட்டலக் காகிதம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினாய். ஒரு வாரம் அப்படி அலைந்தாய். சிலர் அடுப்பில் போட்டிருந்தார்கள், சிலர் ஜன்னல் துடைத்திருந்தார்கள். கிடைத்ததை வரிசைப்படுத்திப் பார்த்தாய், ஒரு கதைகூட முழுசாகச் சேரவில்லை. எட்டாவது நாள் எல்லாவற்றையும் நீயே கொண்டுவந்து கடை மேஜைமேல் வைத்து, "பொட்டலம் கட்டிக்குங்க அத்தா" என்றாய்.

அடுத்த பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாய். அதற்கடுத்ததிலும் வாங்கினாய். காலேஜுக்குச் சென்னை போனாய், வேலைக்குப் போனாய். நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், காமிக்ஸைக் கிழித்துப் போட்டேன், பிள்ளை உருப்பட்டது என்று வாய் நிறையச் சொன்னேன். நீயும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாய். கேட்டுக் கேட்டு உனக்கும் அதுவே உண்மை ஆகிவிட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் மகளே. அந்த வாரத்துக்குப் பிறகு பரீட்சைக்கு இல்லாத ஒரு புத்தகத்தை நீ கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. தாம்பரத்தில் உன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்தேனே, அந்த வீட்டில் எல்லாம் இருக்கிறது, சும்மா படிக்க ஒரு புத்தகம் இல்லை. நீ கணக்கில் தேறியது நீ உழைத்ததால். நான் கிழித்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மாவிடமும் சொன்னதில்லை. பேப்பர் இல்லாமல் கிழித்தேன் என்பது பொய். பக்கத்துக் கடையில் கேட்டிருந்தால் ஒரு கட்டு கொடுத்திருப்பார்கள். மார்க்குக்காகக் கிழித்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. நீ வாசிக்கப் பழகிய பிறகு ஒரு நாள்கூட மத்தியானம் அந்த மூட்டைமேல் வந்து படுக்கவில்லை. நான் ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகக் கிடப்பேன். வீட்டுக்கு வந்தால் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து உன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பாய். ஒருமுறை, கொண்டா, அத்தா வாசிக்கிறேன் என்று கை நீட்டினேன். நீ தலையைக்கூடத் தூக்காமல், "வேணாத்தா, நானே படிச்சுக்கிறேன்" என்றாய். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தகப்பனும் சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. எனக்கு அந்தப் புத்தகங்கள்மேல் பொறாமை வந்தது. நாலைந்து வருஷம் அதை உள்ளுக்குள் வைத்திருந்து, ஒரு சாக்குக் கிடைத்ததும் தீர்த்துக்கொண்டேன். இதுதான் நீ நன்றி சொல்கிற காரியம்.

அதனால் என்னைப் பார்த்து நீ செய்யாதே. நான் செய்ததில் பார்த்துச் செய்ய ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா மகன் அதே கட்டோடு மறுபடி வருவான், வாங்கிக்கொள். பேரனிடம் படி என்று சொல்லாதே. நீ படுத்துக்கொண்டு படி, அவன் வந்து சாய்வான். இது யார், அது யார் என்று கேட்டால் சொல். கதையில் என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதே, பிள்ளை எழுந்து ஓடிவிடும். கடைசிப் பக்கத்தில் இருந்து புரட்டினால் புரட்டட்டும். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் வாசி. படம் பாதியைச் சொல்லிவிடும், மீதிப் பாதிக்காக அவன் எழுத்திடம் வந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. நீ வந்தாய், அவனும் வருவான்.

அப்படி வந்த பிறகு ஒரு நாள் அவன் உன் கையில் இருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். பக்கத்தில் இடம் காலியாக இருக்கும், நீ கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் வலிக்கும். அன்றைக்குப் பொறுத்துக்கொள் மகளே. என்னால் முடியவில்லை.

அத்தா